தாடைக்குக் கட்டும் சாரம்

நேயர்களுக்கு வணக்கம். முகத்தாடை அறுவை மருத்துவம் என் தொழில். இன்று பேசப்போவது ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வியைப் பற்றி.

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஒன்றில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞரின் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. தலைக்கவசம் இருந்தது, தாடைப்பட்டையை மாட்டவில்லை. கவசம் ஒரு பக்கம் உருண்டது, தாடை தடுப்புச் சுவரில் மோதியது. வாயை மூடச் சொன்னேன். பற்கள் சேரவில்லை. "வேறு யாருடைய பல்லோ என் வாயில் இருக்கிறது" என்று தாளில் எழுதிக் காட்டினார். கீழ்த்தாடை முறிந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

வெறும் முறிவென்றால் டைட்டானியம் தகடும் திருகாணியும் போதும். இவருக்கோ எலும்பு நொறுங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு இடமே காலியாகிவிட்டது. இடுப்பெலும்பிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும் என்றேன். அவருடைய அம்மா கேட்டார்: "நல்லா இருக்கிற இடுப்பை ஏன் ஐயா வெட்ட வேண்டும்? மருந்துக்கடையில் எலும்பு விற்பதில்லையா?"

விற்கிறார்கள். எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் சார்ந்த தாதுப்பொருள். அதையே ஆலையில் செய்து, குருணையாகச் சிறு குப்பியில் தருகிறார்கள். பல் பிடுங்கிய குழி போன்ற இடத்தில், நான்கு புறமும் சுவர் இருந்தால், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் குருணைக்கு உயிர் இல்லை. அது ஒரு சாரம் மட்டுமே. வீடு கட்டும்போது சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டுகிறோம். ஏறி நின்று கட்டக் கொத்தனார் வேண்டாமா?

அந்தக் கொத்தனார்கள் எலும்பாக்கும் உயிரணுக்கள். அவை உள்ளே நுழையச் சாரத்தில் துளைகள் வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவில், ஒன்றுக்கொன்று வழி திறந்தவையாக. வேலை முடிய முடியச் சாரம் கரைந்து இடம்விட வேண்டும். சீக்கிரம் கரைந்தால் தாடை தொய்யும், கரையாமலே கிடந்தால் புது எலும்புக்கு இடமில்லை.

கொத்தனாரைக் கூப்பிடும் குரலும் ஒன்று உண்டு. 1965இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணம் நீக்கிய எலும்புத் துண்டை முயலின் தசைக்குள் வைத்தார். தசையில் எலும்பு முளைத்தது! அழைத்தவை எலும்புக்குள் இருந்த புரதங்கள். அவற்றில் ஒன்றை இன்று ஆய்வகத்தில் செய்கிறார்கள். சில தாடைச் சிகிச்சைகளுக்கு 2007இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. விலை அதிகம், வீக்கமும் கடுமையாக வரலாம்.

பிறகு ஏன் இடுப்பை வெட்டினேன்? இரத்தம்தான் காரணம். நுண்ணிய இரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகியிருக்கும் உயிரணு பிழைப்பது கடினம். பெரிய சாரத்தின் நடுவே குழாய் போய்ச் சேருமுன் உயிரணுக்கள் பட்டினி கிடந்து மடிந்துவிடுகின்றன. உலகெங்கும் ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுவது இந்த இடத்தில்தான். இடுப்பெலும்போ சாரமாக மட்டும் வருவதில்லை, கொத்தனாரையும் அழைக்கும் குரலையும் கூடவே கொண்டுவருகிறது. இடைவெளி இன்னும் பெரிதானால், முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய எலும்பை அதன் இரத்தக் குழாயோடு எடுத்துக் கழுத்துக் குழாயில் தைக்கிறோம்.

சேலத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி. கருப்பூர்ப் பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட். உலைக்கான தீச்செங்கல் செய்யப் போகிறது. அதே மெக்னீசியத்தை உலோகக் கலவையாக்கி ஜெர்மனியில் எலும்புத் திருகாணி செய்தார்கள். 2013இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. உடலுக்குள் மெல்லக் கரைவதால், அதைக் கழற்ற மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை. கரையும்போது ஹைட்ரஜன் வாயு வருவதால், வேகத்தை அடக்கத் தெரிய வேண்டும். நம் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திருகாணி நினைவுக்கு வருகிறது.

அந்தத் தாயிடம் இவ்வளவும் சொன்னேன். "ஒரு வீட்டு ஓட்டைப் பிரித்து இன்னொரு வீட்டை வேய்கிறீர்கள்" என்றார். மறுக்க முடியவில்லை. மகன் பல வாரம் கேழ்வரகுக் கூழும் கஞ்சியும் குடித்தார். முதல் பத்து நாள், தாடை வலியைக் காட்டிலும் இடுப்பு வலியைத்தான் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து வந்தபோது எக்ஸ்ரேயில் பழைய எலும்புக்கும் புதியதற்கும் இடையே கோடு தெரியவில்லை. மறுநாள் பஸ் நிலையத்தருகே தட்டுவடை செட் வாங்கி, முறிந்த பக்கத்தாலேயே கடித்தாராம். தொலைபேசியில் அந்த மொறுமொறுப்பைச் சொல்லிச் சிரித்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மலையில் குளிர் இறங்கினால் இடுப்பு குத்துகிறதே, அது எப்போது டாக்டர் போகும்?"