சந்தேகங்களுக்கு விளக்கம்: எஸ்டிமேட்டை நம்பி கன்ட்ரோலை ஒப்படைக்கலாமா?

வணக்கம். இந்த தடவை கேள்வி நிறைய வந்திருக்கு, ஆனா ஒண்ணு மட்டும் ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருக்கு, அதனால அதை மட்டும் எடுத்துக்குறேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க. நண்பர் ஒருத்தர் தலைகீழ் பெண்டுலம், அதாவது மோட்டார் வெச்சு விழாம நிமிர்த்தி நிக்க வைக்கிற குச்சி, செஞ்சிருக்காரு. கேக்குறாரு, "லீனியர் வீடியோல எஸ்டிமேட்டரைத் தனியா டிசைன் பண்ணு, கன்ட்ரோலரைத் தனியா டிசைன் பண்ணு, ரெண்டையும் சேர்த்தா வேலை முடிஞ்சுதுன்னு சொன்னீங்க, நான் அப்படியே செஞ்சேன், சிமுலேஷன்ல நிக்குது, நிஜத்துல விழுது, நான்லீனியர் சிஸ்டத்துக்கு அந்த விதி செல்லாதா?"

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி: எஸ்டிமேட்டர்னா சென்சார் ரீடிங்கை வெச்சு நிஜ நிலை என்னன்னு கணிக்கிறது, அந்த கணிப்புதான் எஸ்டிமேட்; கன்ட்ரோலர்னா அதைப் பாத்து மோட்டாருக்கு கட்டளை குடுக்குறது; லீனியர்னா இன்புட் ரெண்டு மடங்கானா விளைவும் ரெண்டு மடங்காகுற சிஸ்டம், அப்படி இல்லாதது நான்லீனியர். சரி, நல்லா மாட்டிவிட்டீங்க. சொன்னேன், ஆமா. ஆனா அதே வீடியோல இன்னொண்ணும் சொன்னேன், வழக்கமா பாக்குறவங்களுக்கு சலிச்சே போயிருக்கும், சென்சார் ஒரு சாட்சிதான். சாட்சி சொல்றதை கேட்டுக்கலாம், அதையே தீர்ப்புன்னு எழுதிடக்கூடாது.

நான் படிக்கிறப்ப லேப்ல இதே பெண்டுலம்தான். என்கோடர், அதாவது கோணம் அளக்குற சென்சார், ஒரு சுத்துக்கு 2000 கவுன்ட், அப்ப ஒரு கவுன்ட் 0.18 டிகிரி. வேகம் வேணும், வேகத்துக்கு சென்சார் கிடையாது, சரி போன ரீடிங்கை கழிச்சு நேரத்தால வகுத்துடலாம்னு 1 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை செஞ்சேன். குச்சி கிட்டத்தட்ட அசையாம நிக்குது, என்கோடர் ஒரே ஒரு கவுன்ட் அங்கயும் இங்கயும் துள்ளுது, என் ப்ரோக்ராம் பாக்குற வேகம் என்ன தெரியுமா, செகண்டுக்கு 180 டிகிரி! அடுத்த நொடி... நொடி கூட இல்ல, அடுத்த மில்லி செகண்ட்ல மைனஸ் 180. மோட்டார் கர்ர்ர்னு கத்துது. துள்ளலை சமன் பண்ண ஃபில்டர் போட்டேன், சத்தம் நின்னுச்சு, குச்சி விழுந்துச்சு. ஏன்னா ஃபில்டர் போட்டா தகவல் லேட்டா வரும், நுனில எடை வெச்ச 30 சென்டிமீட்டர் குச்சியோட சாய்வு 0.2 செகண்டுல 3 மடங்கு ஆயிடும், அது நமக்காக காத்திருக்காது. அன்னைக்குதான் புரிஞ்சுது, சாட்சி சொல்றதை மட்டும் வெச்சு ஓட்ட முடியாது, இந்த விசையைக் குடுத்தா குச்சி இப்படித்தான் போகும்னு மாடல் ஒண்ணு சொல்லணும், ரெண்டையும் எடை போட்டு பாக்கணும். 1960ல ருடால்ஃப் கால்மன்ங்கிற இன்ஜினியர் குடுத்தது அந்த தராசைத்தான், அதான் கால்மன் ஃபில்டர்.

ஆனா அது லீனியருக்கு. நிலவுக்குப் போற அப்பல்லோ திட்டத்துக்காக நாசா ஏம்ஸ்ல ஸ்டான்லி ஷ்மிட் இதை எடுத்து, இப்போதைய எஸ்டிமேட் இருக்குற இடத்துல வளைவை நேர்க்கோடா நினைச்சுக்கிட்டு போட்டாரு, அதான் எக்ஸ்டெண்டட் கால்மன் ஃபில்டர். பிரமாதமா வேலை செய்யும், அந்த நேர்க்கோடு பொய் சொல்லாத வரைக்கும். ஒரு பொருள் 100 மீட்டர் தள்ளி நேர் எதிர்ல இருக்குன்னு வெச்சுக்கோங்க, தூரம் துல்லியமா தெரியும், திசைல மட்டும் 30 டிகிரி சிக்மா பிழை (சிக்மான்னா பிழை வழக்கமா எவ்வளவு சிதறும்ங்கிற அளவு). எங்க இருக்கலாம்னு புள்ளி வெச்சா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு நிக்கும், சராசரி எடுத்தா 87 மீட்டர்கிட்ட வரும். நேர்க்கோடு போட்டவன் 100ன்னே சொல்லுவான், அதுவும் அடிச்சு சொல்லுவான். இந்த அடிச்சு சொல்றதுதான் ஆபத்து. கோவேரியன்ஸ், அதாவது தன் கணிப்புல எவ்வளவு சந்தேகம் இருக்குன்னு ஃபில்டர் வெச்சிருக்குற கணக்கு, சின்னதாயிட்டே போகும், புது ரீடிங்குக்கு குடுக்குற எடையான கெயின் குறையும், அப்புறம் புது ரீடிங் வந்தா கண்டுக்கவே கண்டுக்காது. முன்னாடியே தீர்ப்பு எழுதி வெச்சுட்ட நீதிபதி சாட்சியை ஏன் கேக்கப் போறாரு? 1990கள்ல வந்த அன்சென்டட் ஃபில்டர், பார்ட்டிகிள் ஃபில்டர் எல்லாம் இந்த வாழைப்பழத்தை ஒழுங்கா பிடிக்கத்தான், அதுக்கு தனி வீடியோவே போடணும்.

இப்ப யாராவது வேற ஒண்ணு கேப்பீங்கன்னு பாத்தேன், யாருமே கேக்கல, நானே கேட்டுக்குறேன். கன்ட்ரோலை வெச்சு எஸ்டிமேட்டை நல்லதாக்க முடியுமா?

நீர்மூழ்கிக் கப்பல் சத்தமே போடாம காது குடுத்து மட்டும் கேக்குதுன்னா எதிரி எந்த திசைன்னு தெரியும், எவ்வளவு தூரம்னு தெரியாது. ரெண்டு பேரும் அவங்கவங்க வேகத்தை மாத்தாம நேரா போயிட்டே இருந்தா பக்கத்துல மெதுவா போறவனும் தூரத்துல வேகமா போறவனும் அச்சு அசல் ஒரே திசைக் கணக்கைத்தான் குடுப்பாங்க, எவ்வளவு நேரம் கேட்டாலும், எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் பிரிச்சு சொல்ல முடியாது. அப்ப என்ன செய்யணும்? திரும்பணும். நாம வளைஞ்சு போனாதான் ரெண்டும் வேற வேறயா தெரியும். பயணத்துக்கு அது வெட்டி சுத்து, ஆனா சாட்சியை குறுக்கு விசாரணை பண்ணணும்னா வேற வழி இல்ல. சோவியத் விஞ்ஞானி ஃபெல்ட்பாம் 1960லயே இதுக்கு டூயல் கன்ட்ரோல்னு பேர் வெச்சாரு, ஒரே கட்டளை வண்டியையும் ஓட்டுது, கேள்வியும் கேக்குது. தனித்தனியா டிசைன் பண்ணலாம்ங்கிற விதி பொதுவா நான்லீனியர்ல ஏன் உடையுதுன்னா பெரும்பாலும் இதனாலதான், கன்ட்ரோலர் செய்றது எஸ்டிமேட்டரோட தரத்தையே மாத்துது. லீனியர்ல எஸ்டிமேட்டோட பிழை அளவு நீங்க என்ன இன்புட் குடுத்தாலும் மாறாது.

லீனியர்லயும் ரொம்ப ஆடாதீங்க, அது வேற கதை. அங்க ரெண்டையும் சேர்த்தா எவ்வளவு மார்ஜினுக்கு, அதாவது மாடல் எவ்வளவு தப்பா இருந்தாலும் விழாம தாங்கும்ங்கிறதுக்கு, உத்தரவாதம்னு 1978ல கன்ட்ரோல் ஆராய்ச்சியாளர் ஜான் டாயில் கட்டுரை எழுதினாரு, சுருக்கம் மொத்தமே மூணு வார்த்தை, "அப்படி எதுவும் இல்லை"ங்கிற அர்த்தத்துல.

சரி, உங்க குச்சி. உச்சிக்குப் பக்கத்துல, சாய்வு சின்னதா இருக்குறப்ப, நீங்க செஞ்ச முறை செல்லும், அதை தூக்கிப் போடாதீங்க. என் சந்தேகம் ஃபில்டர் மேலதான், ப்ராசஸ் நாய்ஸை, அதாவது மாடல் எவ்வளவு தப்பா இருக்கலாம்னு ஃபில்டருக்கு சொல்ற அளவை, ரொம்ப கம்மியா வெச்சிருப்பீங்க, சிமுலேஷன்ல உராய்வே இல்லாததால அது தெரிஞ்சிருக்காது. கன்ட்ரோலர் கெயினை எல்லாம் தொடாதீங்க இப்போதைக்கு. வந்த ரீடிங்ல இருந்து ஃபில்டர் எதிர்பார்த்த ரீடிங்கை கழிச்சு வரைங்க, பக்கத்துலயே ஃபில்டர் சொல்ற ரெண்டு சிக்மா கோட்டையும் போடுங்க. நூத்துக்கு 95 புள்ளி உள்ள இருக்கணும். பாதிக்கு மேல வெளிய இருந்தாலோ, ஒரே பக்கமா சாய்ஞ்சு இருந்தாலோ, அந்த படத்தை அனுப்பி வைங்க, குச்சி விழறதுக்கு முன்னாடி இருக்குற 2 செகண்ட் டேட்டாவோட.