சேலத்துல இருந்துக்கிட்டே ஒரு ராக் பேண்ட் மேல வர முடியுமா? | சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கங்க. இந்த வாரம் வந்த கேள்வில ஒண்ணு ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. அம்மாபேட்டைல இருந்து ஒரு தம்பி, "அண்ணா, நாங்க நாலு பேரு, ராக் பேண்ட், ஆறு சொந்தப் பாட்டு இருக்கு, எல்லாரும் சென்னை போ, பெங்களூரு போங்கறாங்க, சேலத்துல இருந்தே மேல வர முடியாதா"ன்னு கேட்டிருக்காரு.

தம்பி, இங்கிலாந்துல ஷெஃபீல்டுன்னு ஒரு ஊரு. நம்மளாட்டமே இரும்பு ஊரு. நமக்கு கஞ்சமலை, ஸ்டீல் பிளான்ட்டு, அவங்களுக்கு ஸ்டீல்தான் பொழப்பே, துருப்பிடிக்காத ஸ்டீலை 1913ல ஒருத்தரு அங்கதான் கண்டுபிடிச்சாரு, சரி அது வேற கதை, எவர்சில்வர் வீடியோவுலயே சொல்லிட்டேன். அந்த ஊருல 2002ல நாலு பசங்க ஆர்க்டிக் மங்கீஸ்னு பேண்ட் ஆரம்பிக்கறாங்க. அடுத்த வருசம் ஜூன்ல முதல் ஷோ, தி கிரேப்ஸ்னு ஒரு பப்புல. அப்புறம் ஷோவுக்கு வந்தவங்களுக்கு டெமோ பாட்டை சிடில எழுதி சும்மாவே குடுத்தாங்க. வாங்கினவங்க இன்டர்நெட்ல ஏத்தி ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டாங்க. ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே கூட்டத்துக்கு வரி பூரா மனப்பாடம். 2006 ஜனவரில ஆல்பம் வந்துச்சு, முதல் வாரமே 3,60,000க்கு மேல வித்துச்சு.

பழைய ஆளுங்களுக்குத் தெரியும் நான் என்ன சொல்லப் போறேன்னு. வாய் அசையுதா பாருங்க! கை தட்டுறது மரியாதைக்கு, வியூஸ் பாதி சொந்தக்காரங்க. நீங்க சொந்தப் பாட்டு பாடுறப்ப கீழ நிக்கறவன் வாய் அசைஞ்சா நீங்க மேல வர்றீங்கன்னு அர்த்தம். அதுக்கு அவன் அந்தப் பாட்டை நாலு தடவையாவது கேட்டிருக்கணும், அதுக்கு நீங்க அதே ஊருல நாலு தடவை வாசிச்சிருக்கணும். அவ்வளவுதாங்க கணக்கு.

நான் ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிச்ச காலத்துல ஏற்காட்டுல ஒரு ரிசப்ஷன். 20 கொண்டை ஊசி வளைவு, ட்ரம்ஸை மடில வெச்சுட்டுப் போனோம், ரெண்டு பேரு வாந்தி. சேலத்து வெயில்ல சுருதி சேர்த்த கிடாரு மேல குளிருக்கு கம்பி இறுகி சுருதி ஏறிக் கிடக்கு. அதோட எங்க சொந்தப் பாட்டு ஒண்ணை நைசா உள்ள விட்டோம். பொண்ணோட தாய்மாமா மேடைக்கே வந்துட்டாரு. "நல்லாருக்கு தம்பி, இப்ப தெரிஞ்ச பாட்டு ஒண்ணு போடுங்க." அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். ஒரு தடவை கேட்ட பாட்டுக்கு அவரு வாய் எப்புடிங்க அசையும்?

சென்னைல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு ஒரு பேண்டு, 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல முதல் ஷோ போட்டப்ப மேடைல 19 பேரு. கானா, ராப், ராக்கு எல்லாம் சேர்ந்து. கானா ஏற்கெனவே அந்த ஊரு சனங்க வாயில இருந்த பாட்டு. உங்க ஆறு பாட்டுல சேலம் இருக்கா? நம்மூரு தீனி தட்டுவடை செட்டைப் பத்தி எழுதச் சொல்லல, உங்க பேச்சு இருக்கான்னு கேக்கறேன்.

உண்மையா நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "சேலத்துல எங்கண்ணா வாசிக்கறது"ன்னு. அதுக்குத்தான் என்கிட்ட பதிலு இருக்கு. கல்யாண மண்டபம். ஆடிலயும் மார்கழிலயும் முகூர்த்தம் இல்ல, சும்மாதான பூட்டிக் கிடக்குது. ஓனரைப் பாருங்க, கரண்டு காசும் கூட்டுற அம்மாவுக்கு சம்பளமும் குடுத்தா போதும்னு சொல்ற ஆளும் இருப்பாரு. மெயின் ஹால் வேண்டாம், சாப்பாட்டு ஹாலு போதும், அம்பது பேரு வந்தாலே நெறஞ்ச மாதிரி தெரியும். மத்த மாசத்துல முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்துக்கோங்க. மாசம் ஒருக்கா, அதே ஹாலு, அதே ஆறு பாட்டு.

ஆனா ஆடில மட்டும் ஆரம்பிக்காதீங்க. கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊரு பூரா தெருவுக்குத் தெரு மாரியம்மன், மைக்செட்காரரு ஒருத்தர்கூட உங்களுக்கு சிக்க மாட்டாரு. மார்கழில பாருங்க.