பாரோ மீ எ பென்

வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் நான் பள்ளிக்கூடம் போன காலம். பரீட்சை நடுவில் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. பக்கத்துப் பையனிடம் 'பாரோ மீ எ பென்' என்று கிசுகிசுத்தேன். டீச்சர் காதில் விழுந்துவிட்டது. 'லெண்ட் மீ எ பென்' என்று 50 தரம் எழுத வைத்தார். எழுதப் பேனா தந்ததும் அவர்தான்! ஏன் தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

டர்பனில் 'பாரோ மீ' இன்றைக்கும் காதில் விழுகிறது. நம் பிள்ளைகள் மட்டுமா சொல்கிறார்கள்? ஆப்பிரிக்கான்ஸில் 'லியன்' என்று ஒரே சொல். இரவல் வாங்கினாலும் அதுதான், கொடுத்தாலும் அதுதான். ஜூலுவில் 'போலெக்கா'வும் அப்படியே. இதைக் கேட்டு வளர்கிற பிள்ளை ஆங்கிலத்திலும் ஒரே சொல்லை வைத்து ஓட்டுகிறது. முட்டாள்தனம் இல்லை அது.

ஆங்கிலம் திசை பார்க்கும். பொருள் யார் கைக்கு வருகிறதோ அவர் செய்வது 'பாரோ'. யார் கையை விட்டுப் போகிறதோ அவர் செய்வது 'லெண்ட்'. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்? வாங்கு, கொடு, அவ்வளவுதான். 'எனக்கு ஒரு பேனா இரவல் வாங்கு' என்று கேட்டால் அந்தப் பையன் எழுந்து வேறு யாரிடமாவது போய் வாங்கி வருவான்!

ஆனால் ஒரு இடத்தில் தமிழ் இன்னும் நுணுக்கம். அடுத்த வீட்டில் புத்தகம் வாங்கினால் அதே புத்தகம் திரும்பிப் போகும்; அது இரவல். ஒரு கப் சர்க்கரை வாங்கினால்? அது டீயில் கரைந்து போயிற்று. போவது வேறு சர்க்கரை, அளவு மட்டும் அதே. இதற்கென்றே குறளில் ஒரு சொல் இருக்கிறது: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி அதே அளவு திருப்பித் தருவது. இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை மாதிரி என்கிறார் வள்ளுவர். ஆங்கிலத்தில் புத்தகம், சர்க்கரை, பேங்க் பணம் எல்லாமே 'பாரோ'தான். என் அம்மா அளவெல்லாம் பார்க்க மாட்டார். கப்பைக் கோபுரமாக நிரப்பித்தான் என்னிடம் கொடுத்தனுப்புவார். வழியில் கொஞ்சம் குறையும், அது வேறு கதை.

அப்புறம், திருப்பியே தராத 'பாரோ'வும் உண்டு. கழித்தல் கணக்கில் பக்கத்து இலக்கத்திடம் ஒன்று கடன் வாங்குகிறோமே, யாராவது திருப்பித் தந்திருக்கிறோமா? நம் கட்டுமரத்தை ஆங்கிலம் 'கேட்டமரான்' என்று வாங்கிக்கொண்டு போய் 300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரட்டை உடம்பு வைத்த படகுக்கெல்லாம் அந்தப் பேரைச் சூட்டிவிட்டார்கள். திரும்பி வந்தபாடில்லை.