கிளவுன் மீன் வாங்கப் போகிறீர்களா?

வணக்கம் நேயர்களே. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கப்பி, தங்கமீன் என்று வாங்கி வளர்த்தவர்கள் அடுத்து ஆசைப்படுவது கிளவுன் மீனுக்குத்தான். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, நெளிந்து நெளிந்து ஒரு நீச்சல். அதை வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குப் பழக்குவது பற்றிப் பேசுகிறேன்.

தொட்டி தயார் என்றே வைத்துக்கொள்வோம். அதாவது மீன் விடாமலே சில வாரம் ஓடி, நல்ல பாக்டீரியா வளர்ந்து, சோதித்தால் கழிவில் உண்டாகும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகிற தொட்டி. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, காசிமேட்டில் ஒரு குடம் மொண்டு வரலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். 2017-லும் 2023-லும் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் படர்ந்ததை வட சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஓ. தண்ணீரில், கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் மரைன் உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். கடையில் விலை கேட்கும் முன் உப்பளவைக் கேளுங்கள். அதை ஒப்படர்த்தி எண்ணாகச் சொல்வார்கள்: நல்ல தண்ணீர் 1.000, உப்பு கூடக்கூட எண் ஏறும். ஒட்டுண்ணி தொல்லை குறையட்டும், உப்புச் செலவும் மிச்சமாகட்டும் என்று கடைகளில் 1.020, அதற்கும் கீழே கூட வைப்பதுண்டு. நம் தொட்டி 1.025. கண்ணுக்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான். ஆனால் உப்பு திடீரென்று ஏறினால் மீனின் உடம்பிலிருந்து நீர் வெளியேறிவிடும். உப்பு இறங்குவதை ஓரளவு தாங்கும், ஏறுவதைத் தாங்காது. அன்று சாயங்காலம் நன்றாகத்தான் நீந்தும். இரண்டு மூன்று நாள் கழித்துச் செத்துக் கிடக்கும், பழி கடைக்காரர் மேல் விழும்.

எங்கள் தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் செய்ததைச் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த முறை. முன்கூட்டியே கடைக்குப் போய் உப்பளவு கேட்டார். 1.019 என்றார்கள். வீட்டில் ஒரு சின்னத் தனித்தொட்டியை அதே அளவுக்குத் தயார் செய்துவிட்டு, அப்புறம்தான் மீன் வாங்கினார். விளக்கை அணைத்தார், பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டார், ஒரு கப்பில் மீனை மட்டும் ஏந்தி விட்டார். பைத் தண்ணீர் சிங்க்குக்கு. அதன்பின் ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக, தினமும் கொஞ்சம் உப்புத்தண்ணீர் ஊற்றி அளவை மெல்ல ஏற்றினார். மறுநாளே அந்த மீன் பொடியாக நறுக்கிய இறாலைக் கொத்தியது!

உப்பு ஒத்துப்போகாவிட்டால், ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, வாளியில் இருக்கும் மீனுக்குச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விடலாம். கொளத்தூரிலிருந்து அரை மணியில் வந்த மீனுக்கு இது சரி. வெளியூரிலிருந்து பார்சலில் வந்த மீனுக்குக் கூடாது. நெடுநேரம் கட்டிய பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், தண்ணீரின் பி.எச். ஏறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா விஷமாகும். அந்த மீனை அந்தத் தண்ணீரில் உட்காரவைக்காதீர்கள்.

முதல் ராத்திரி மீன் ஒரு மூலையில் சாய்ந்து படுத்திருந்தால் பயப்பட வேண்டாம், கிளவுன் மீன் தூங்குவதே அப்படித்தான். மூச்சு வேகமாகி, தோலில் வெள்ளையாகச் சளி படர்ந்தால் மட்டும் அன்றைக்கே மருந்து பாருங்கள். அதற்காகத்தான் பெரிய தொட்டியில் விடும் முன் புது மீனை ஒரு மாதம் தனித்தொட்டியில் வைப்பது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: பெரிய தொட்டியில் ஆவியான தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். மே மாதத்துக்கு ஒரு ஃபேன், கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப். கடலில் கிளவுன் மீன் குடியிருக்கும் கடல் சாமந்தி (அனிமோன்) தொட்டியில் கட்டாயமில்லை. ஜோடி வேண்டுமானால் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசாக வாங்குங்கள். பிறக்கும்போது எல்லாம் ஆண்தான், பெரியது பெண்ணாகிவிடும். நன்றி, வணக்கம்.