உறுதிமொழி செய்துவைக்கக் கோட்டு சூட்டு போதும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராணுவத்தில் பிள்ளை அதிகாரியாகப் பொறுப்பேற்கிறது. ஓய்வுபெற்ற அதிகாரியான அப்பாவோ அம்மாவோ உறுதிமொழி செய்துவைக்கிறார். அன்றைக்கு அவர் போட வேண்டியது சீருடையா, கோட்டு சூட்டா? எங்கள் அணி கோட்டு சூட்டின் பக்கம்.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பில் சட்டத்தை நீட்டினார். அமெரிக்கச் சட்டத் தொகுப்பு, 10ஆம் தலைப்பு, 772ஆம் பிரிவு: ஓய்வுபெற்ற அதிகாரி தன் ஓய்வுநிலைப் பதவிக்குரிய சீருடையை அணியலாம். சரி, யார் இல்லை என்றது? அனுமதி இருக்கிறது, கட்டாயம் இல்லை. அதே தொகுப்பின் 1031ஆம் பிரிவையும் அவர் படித்திருக்கலாம். உறுதிமொழி செய்துவைக்கும் அதிகாரம் கமிஷன் பெற்ற, அதாவது அதிகாரப் பதவி நியமனம் பெற்ற, அதிகாரிக்கு உண்டு என்கிறது அது. அவர் என்ன உடுத்தியிருக்க வேண்டும் என்று அங்கே ஒரு வரி கிடையாது.

இனி சீருடைக்கு வருவோம். சீருடை, தோற்றம் பற்றிய ராணுவ ஒழுங்குவிதி 670-1 ஓய்வுபெற்றவருக்கு இரண்டு வழி தருகிறது. ஓய்வுபெற்ற நாளில் இருந்த சீருடையைப் போடலாம். இல்லாவிட்டால் இன்றைய சீருடையைப் போடலாம். இரண்டையும் கலக்கக் கூடாது. கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. பழைய பச்சைச் சீருடை 2015ஆம் ஆண்டோடு பணியிலிருப்போரிடமிருந்து விடைபெற்றுவிட்டது. பெட்டியில் கிடக்கும் பழைய கோட்டு எப்படியோ உடம்பில் ஏறிவிடும். கால்சட்டையோ இடுப்பில் பூட்ட வராது. உடனே இன்றைய புதிய பச்சைச் சீருடையின் கால்சட்டை ஒன்றை வாங்கி மாட்டினால், இரண்டும் பச்சைதானே என்று வீட்டில் சொல்வார்கள். நிறமும் வேறு, விதிமீறலும்கூட. புதியதற்குக் காலணி பழுப்பு, பழையதற்குக் கறுப்பு. அவசரத்தில் முதலில் மாறிப்போவது அதுதான்.

அடுத்தது தாடி. சீருடை போட்டால் தலைமுடி, முகமுடி விதிகளும் கூடவே வரும். ஓய்வுக்குப் பிறகு ஆசையாக வளர்த்ததை அந்த அரை மணி நேரத்துக்காக மழிக்க வேண்டும். விருதுகளுக்காக மார்பில் குத்தும் வண்ணப் பட்டிகளின் வரிசை இன்னொரு தலைவலி. உயர்ந்த விருது மேல் வரிசையில், அணிபவரின் வலப்பக்கம் தொடங்கும். ஒன்று இடம் மாறினாலும் எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், ஏனென்றால் அவர்கள் தினமும் பார்ப்பதே அதைத்தான்.

"சிவில் உடையில் போனால் பதக்கங்களை என்ன செய்வது?" என்று உருக்கமாகக் கேட்டார் ஒரு தோழி. அந்தக் கவலையே வேண்டாம். ராணுவத் தன்மையுள்ள முறையான விழாக்களில் ஓய்வுபெற்றவர் சிவில் கோட்டிலேயே பதக்கம் அணியலாம் என்று அதே 670-1 சொல்கிறது. முழு அளவும் சரி, சிற்றளவும் சரி. சீருடையில் எங்கே குத்துவோமோ ஏறக்குறைய அதே இடம், இடது மார்பு. என் கட்சி சிற்றளவு. முழு அளவுப் பதக்கங்கள் நாலைந்து சேர்ந்தால் மெல்லிய துணியைக் கீழே இழுத்து, கோட்டின் கழுத்து மடிப்பை வாய்பிளக்க வைக்கும். துணிக்கு உட்புறம் ஒரு துண்டு கெட்டித் துணியை வைத்து, அதையும் சேர்த்து ஊசி குத்தினால் இழுப்பு நிற்கும்.

கோட்டு கருநீலம் அல்லது கரும்சாம்பல். இரண்டு பொத்தான் என்றால் மேல் பொத்தானை மட்டும் போட வேண்டும். வாங்குவதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று, பொத்தான் போட்டபடியே வலது கையைத் தோள் உயரத்துக்கு உயர்த்திப் பாருங்கள். கோட்டு முழுவதும் கையோடு மேலே வந்தால் அக்குள் வெட்டு தாழ்வாக இருக்கிறது என்று பொருள். அதைத் தையற்காரரால் சரிசெய்வது கடினம். வேறு கோட்டு பாருங்கள். உறுதிமொழி அட்டை வலது உட்பையில் இருக்கட்டும். எல்லோரும் பழக்கத்தில் இடப்பக்கம் வைப்பார்கள். வலது கை மேலே போன பிறகு இடது கையால் அதை எடுக்கத் தடுமாறுவார்கள். தடித்த அட்டை, பெரிய எழுத்து, பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டிய இடங்களில் வரி முறிவு. இவ்வளவு போதும்.

பிறகு பிள்ளையின் தோளில் புதிய பதவியைக் காட்டும் தங்கநிறப் பட்டையைக் குத்த வேண்டும். தோள் தையலிலிருந்து எட்டில் ஐந்து பங்கு அங்குலம் தள்ளி, தையலுக்கு இணையாக நிற்க வேண்டும். அதைக் குத்துவது இன்னொரு பெற்றோராகவும் இருக்கலாம். ராணுவப் பின்னணி தேவையில்லை. தொங்கும் நகையும் அகன்ற சட்டைக்கையும் வேண்டாம், பொத்தானில் மாட்டும்.

போன மாதம் ஓய்வுபெற்று, முடிவெட்டுகூட மாறாதவர் சீருடையில் வந்தால் எனக்கு வாதமே இல்லை. அவரைக் காட்டித்தான் எதிரணி இவ்வளவு நேரம் பேசியது. ஓய்வுபெற்று இருபது வருடமாகி, மூன்று அங்குலம் இடுப்பு கூடி, தாடியோடு இருப்பவருக்கு அவர்கள் என்ன வழி வைத்திருக்கிறார்கள்? அடுத்துப் பேச வருபவர் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.