வலி இல்லை, எரிச்சல்தான்

நேயர்களே, வணக்கம். வலி மருத்துவர் என்று என்னை அறிமுகப்படுத்தினால், "எந்த வலிக்கு?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். போக மறுக்கும் வலிக்கு என்று சொல்வேன். முதுகில் தொடங்கிக் காலுக்கு இறங்கி ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் வலி, அக்கி ஆறிய பிறகும் ஆறாத எரிச்சல், புற்றுநோயின் வலி. கொரோனா காலத்தில் இந்தத் துறை என்ன பாடுபட்டது என்று பேச அழைத்திருக்கிறார்கள்.

முதலில், கதவைச் சாத்தினோம். 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் பஸ் நின்றது; நள்ளிரவில் நாடே நின்றது. உடனடி ஆபத்து இல்லாத சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். வலிக்குப் போடும் ஊசி அந்தப் பட்டியலில்தான் வரும்; வலியால் யாரும் அன்றைக்கே சாவதில்லையே! இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் வலி மருத்துவர்களில் பெரும்பாலோர் அடிப்படையில் மயக்க மருத்துவர்கள், வென்டிலேட்டரைக் கையாளத் தெரிந்தவர்கள். எங்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இழுத்துக்கொண்டது. நோயாளிக்கோ பஸ் இல்லை. நடந்து வந்தாலும் மருத்துவர் இல்லை. முதுகுத்தண்டை ஒட்டிப் போடும் ஸ்டீராய்டு ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுமோ என்ற பயம் வேறு.

பயம் மாத்திரைக்கும் தொற்றியது. மார்ச் நடுவில் பிரான்ஸ் நாட்டுச் சுகாதார அமைச்சர், கொரோனா காய்ச்சலுக்கு ஐபூபுரூஃபன் என்ற வலி மாத்திரை வேண்டாம் என்று எச்சரித்தார். சில நாட்களில் உலக சுகாதார நிறுவனம், அதைத் தவிர்க்கச் சொல்ல ஆதாரமில்லை என்றது. முதல் செய்தி வந்த வேகத்தில் இரண்டாவது வரவில்லை. மூட்டுவலிக்காரர்கள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தார்கள்.

மிச்சம் இருந்தது போன்தான். தொலைமருத்துவத்துக்கான மத்திய அரசின் விதிமுறைகள் மார்ச் 25 அன்று, ஊரடங்கின் முதல் நாளிலேயே, வெளிவந்தன. இனி நான் சொல்லப்போவதை என் நண்பர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள்; பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள். வானொலியில் ஒரு வசதி, நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பாட்டி. நெஞ்சுக்கூட்டின் இடப்பக்கத்தில் அக்கி வந்து ஆறியிருந்தது. எங்கள் செவிலியர் வழக்கப்படி போனில் கேட்டார்: சுழியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு? பாட்டி சுழியம் என்றார். தாளில் சுழியம் ஏறியது. ஆனால் பேரன் அன்றே மூன்று முறை கூப்பிட்டுவிட்டான், பாட்டி தூங்கி ஒரு வாரம் ஆகிறது என்று. வீடியோவில் பார்ப்போம் என்றேன். பாட்டி போனை வழக்கம்போல் காதில் வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் நான் பார்த்தது அவருடைய காதையும் தோட்டையும்தான்.

"வலி இல்லை என்றீர்களே, பாட்டி?"

"வலி எங்கே இருக்கிறது ஐயா? எரிகிறது. ரவிக்கை பட்டால் தணலை வைத்ததுபோல எரிகிறது. நடுநடுவே சுரீர் சுரீர் என்று இழுக்கிறது. வலியெல்லாம் இல்லை."

பாருங்கள். நாங்கள் வலியைக் கேட்டோம், அவர் வலியைத்தான் இல்லை என்றார். எரிச்சலை யாரும் கேட்கவில்லை. துணி பட்டாலே எரிவதும், சுரீர் என்று இழுப்பதும் நரம்பு பழுதான வலியின் அடையாளங்கள். அதற்கு மாத்திரையே வேறு. கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், பிடிப்பு, மதமதப்பு என்று நம் மக்கள் ஒவ்வொன்றையும் பிரித்துத்தான் சொல்கிறார்கள். விண்விண் என்று தெறிக்கிறது என்பார்கள். சொல்லும்போதே நாடி துடிப்பது கேட்கிறதல்லவா? அத்தனையையும் 'வலி' என்று எழுதி மூடிவிடுவது நாங்கள்தான்.

கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலறிஞர் வலியைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, 1975இல் ஒரு வினாப்பட்டியல் ஆக்கினார். 78 சொற்கள், 20 தொகுதிகள். படிக்கும் காலத்தில் அதை உருப்போட்டவன் நான். அருப்புக்கோட்டை எரிச்சலைக் கேட்க ஒரு தொற்றுநோய் வந்து என் கையைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. நோயாளியைத் தொட முடியாதபோதுதான் காது திறந்தது.

தொடவும் ஒரு வழி பிறந்தது. பேரனைப் பஞ்சு எடுத்துவரச் சொன்னேன். வலப்பக்கம் மெல்லத் தடவு, இப்போது இடப்பக்கம். இடப்பக்கம் பட்டதும் பாட்டி போட்ட சத்தம் எனக்கு நேராகவே கேட்டது. அன்று தொடங்கிய மாத்திரையில் நாலைந்து வாரத்தில் தூக்கம் திரும்பியது. செப்டம்பர் 7 அன்று மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கியதும் நேரில் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "குரலைக் கேட்டு ஆள் பெரிதாக இருப்பார் என்று நினைத்தேன்" என்றார்.

அந்த 2020 ஜூலையில்தான், வலி ஆய்வுக்கான உலகச் சங்கம் 1979இலிருந்து வைத்திருந்த வலியின் வரையறையைத் திருத்தியது. ஒருவர் தமக்கு வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று கூடவே ஒரு குறிப்பும் சேர்த்தார்கள். நல்லது. பாட்டி வலி என்றே சொல்லவில்லையே, அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

போனைப் புகழ்ந்துகொண்டே போக மாட்டேன். ஒரு பெரியவருக்கு முதுகுப் பிடிப்பு என்று இரண்டு முறை போனிலேயே மாத்திரை சொன்னேன். நேரில் வந்தபோது ஒரு கால் மெலிந்திருந்தது; வெறும் பிடிப்பு அல்ல, நரம்பு அழுந்தியதன் அடையாளம். போனில் கால் தெரியாது. செருப்பு கழன்று போகிறதா, மாடிப்படி தடுக்குகிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டு நிமிடம்தான் மிச்சம் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். முக்கியமானதைக் கடைசிக்கு வைத்தது என் தவறு. அபினிலிருந்து எடுக்கும் மார்பின் என்ற மருந்து. புற்றுநோயின் கடும் வலிக்கு அதுதான் கைகொடுக்கும். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் எந்த மருந்தையும் போன் வழியே எழுதக்கூடாது என்று அந்த மார்ச் 25 விதிமுறைகளே சொல்லின. 2018 முதல் டிரமடால் என்ற வலி மருந்தும் அந்தச் சட்டத்துக்குள்தான். மார்பின் கிடைப்பதை எளிதாக்க 2014இல் சட்டத்தைத் திருத்தியது உண்மை. ஆனாலும் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு யாராவது சீட்டோடு போயாக வேண்டும். பஸ் இல்லாத ஊரில் போவது யார்? ஒரு மகன் இ-பாஸ் கிடைக்காமல், தந்தையின் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். சோதனைச் சாவடியில் இருந்த காவலர் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு வழிவிட்டாராம். எங்கள் வாசலுக்கு வரும்போது மணி இரண்டு. மாத்திரையை வாங்கிக்கொண்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் சைக்கிளைத் திருப்பினார்.

கொரோனாவே விட்டுச்சென்ற உடம்புவலி பற்றியும் குறித்துவைத்திருந்தேன். அந்தத் தாளைப் பிரிக்க நேரமில்லை. வணக்கம்.