மின்சாரம் நின்ற பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட தண்ணீரும், அதற்குக் கீழேயுள்ள சிற்றேரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாற்றின் இரு கரைகளையும் மூழ்கடித்தன. விமான நிலையம் பல நாள்கள் மூடிக் கிடந்தது. 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ், ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாமல், டிசம்பர் 2ஆம் தேதி சென்னையில் வெளிவரவில்லை.

மின்கசிவால் உயிர்ச்சேதம் ஏற்படாதிருக்கப் பல பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அது சரியான முடிவுதான். ஆனால், மின்சாரம் நின்றதும் மோட்டார் நின்றது. மேல்நிலைத் தொட்டி காலியானது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்க, மூன்றாம் மாடியில் கைகழுவத் தண்ணீர் இல்லை. செல்போன் கோபுரங்களின் பேட்டரிகள் தீர்ந்தபோது, டீசல் ஏற்றிய வண்டிகளுக்குச் சாலை இல்லை. பெட்ரோல் பங்க்கில் நிலத்தடித் தொட்டி நிறைய எரிபொருள் இருந்தாலும், அதை மேலே இழுக்கவும் மின்சாரம்தான் வேண்டும். ஆற்றங்கரையிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில், ஜெனரேட்டர் செயலிழந்த பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த நோயாளிகள் பலர் இறந்தார்கள். பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றதைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். என்னைக் கேட்டால், அது இவற்றில் மிகச் சிறிய செய்தி.

அந்த மழைக்குப் புவி வெப்பமாதல் காரணமா என்று ஆராய்ந்த அறிவியலாளர்கள், அப்படி ஒரு விளைவைக் கண்டறிய முடியவில்லை என்று 2016இல் எழுதினார்கள். காற்றிலுள்ள மாசுத் துகள்கள் வெப்பமாதலின் விளைவை அதுவரை ஈடுகட்டியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். இதைக் கேட்டு நிம்மதியடைபவர்கள் உண்டு. எனக்கோ அச்சம் கூடுகிறது. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கக்கூடிய ஈரப்பதம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது என்பது இயற்பியல். அந்தக் கூடுதல் சுமை தெளிவாகத் தென்படாத ஒரு மழைக்கே மாநகரம் நிலைகுலைந்தது.

நான்காண்டுகள் நிறைவதற்குள், 2019 கோடையில், அதே செம்பரம்பாக்கமும், சென்னைக்குக் குடிநீர் தரும் மற்ற ஏரிகளான பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் ஏறக்குறைய வற்றின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளத்தை வாங்கி வைத்திருக்க வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது. மிகுந்தபோது தேக்க இடமில்லாத ஊரில், குறைந்தபோது எடுக்க இருப்பும் இல்லை.

2015இல் பலரிடம் கையில் கொஞ்சம் ரொக்கமாவது இருந்தது. இப்போது காய்கறி வண்டியிலும் யுபிஐ அட்டை தொங்குகிறது. செல்போன் கோபுரம் செயலிழந்தால் கடையில் அரிசி இருந்தும் வாங்க வழியில்லை. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல வசதிகள்தாம். எல்லாவற்றையும் ஒரே மின்கம்பியில் தொங்கவிட்டு, மாற்று வழி எதையும் வைக்காததே என் குறை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூடும் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டங்களில், ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது, மின்சாரமின்றி நீர் எடுக்கக் கிணறோ கைப்பம்போ உண்டா, மருத்துவக் கருவியை நம்பியிருப்பவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்ற கேள்விகளை நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.